எலிக்கு ஒரு கடி

காரைக்குடி, செக்காலை ரோடு,
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை, ஷட்டர் இறக்கிய பிறகு.
நான்கு நாற்காலி, ஒரு கேன் தண்ணீர்,
பொட்டலத்தில் மசாலாச் சீயம்,
இருபது முகப் பகடையை உருட்ட
கேரம் போர்டின் பின்பக்கம்.

செவுகன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.
அவனுடைய வீரன் மாறவேள்
உப்பளத்தில் பிறந்தவன், இடக்கைக்காரன்,
அக்காளைத் தேடிக் கடல் கடந்தவன்,
பாகற்காய் பிடிக்காதவன்.
கடைசி வரியில், சின்ன எழுத்தில்,
உயிர்ப் புள்ளி: நான்கு.

நான்கு என்று வைத்தது நான்.
பயமிருந்தால்தான் கதவைத் தட்டிப் பார்த்துத் திறப்பான் என்று
பெரிய ஞானி மாதிரிச் சொன்னதும் நான்.

இருபதாவது நிமிடம்.
வற்றிய கிணறு, மூன்றாம் படி, ஒரே ஒரு எலி.
பூதமில்லை, அரக்கனில்லை, எலி.
கடித்தது. நான்கும் போயிற்று.
உப்பளமும் அக்காளும் பாகற்காயும்
படியிலேயே கிடந்தன.

செவுகன் சீயத்தை மென்றுகொண்டே இருந்தான்.
"எலிக்கு எத்தனை உயிர்?" என்று கேட்டான்.
ஐந்து, என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு எல்லோரும் பேசினார்கள்.
இருபதாவது கொடு என்றான் ஜெரால்டு.
தாயத்தில்கூட வெட்டுப்பட்ட காய் மனைக்குத் திரும்பும்,
தாயம் விழுந்தால் மறுபடி இறங்கும்.
உன் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் பாடை.
ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாமே,
உனக்கு இன்னும் எத்தனை பாக்கி?

உமையாள் மின்வேதியியல் கூடத்தில் துருவை ஆராய்கிறவள்.
பூச்சுப் பூசிய தகடுகளை உப்பு மூட்டத்தில் தொங்கவிட்டு
மணிக்கணக்கு எழுதுவது வேலை.
எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
முதல் மணியிலேயே ஓட்டை விழுந்த தகடு
எனக்கு எதையும் சொல்லாது.
ஆயிரம் மணி கழித்தும் பளபளப்பது
அதைவிட ஊமை.
எங்கே அரிக்கிறதென்று காட்டிவிட்டுச் சாகிற மாதிரி
ஒன்று வேண்டும்.

எனக்குப் புரிந்தது. ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை செவுகன் ஒரே வரி எழுதியிருந்தான்.
பெயர்: இன்னொருவன்.
ஊர் இல்லை, உறவு இல்லை, பிடிக்காத காய்கறி இல்லை.
சாகப்போகிறவனுக்கு எதற்கு, என்றான்.

அதே கிணறு. அதே எலி.
என் பகடையை நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால் உருட்டுவேன்,
யாரோ கோவிலூர்க்காரர் வீட்டு அழைப்பு,
முறம் அகலம், நிமிர்த்தினால் நிற்கும்.
பத்தொன்பது விழுந்தது.
"மூன்று" என்றேன்.
எலிக்குக் குறி தவறியது.

இன்னொருவன் பிழைத்தான்.
கிணற்றின் அடியில் விளக்கேற்றினான்.
செவுகன் பேனா மூடியைத் திறந்து
'இடக்கை' என்று எழுதினான்.
எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது,
கீழே இறங்கி வண்டியை உதைக்கும் வரை.
இனி எந்த எண் விழுந்தாலும் அது என் தயவு.
உமையாள் ஹெல்மெட்டை மாட்டியபடி
என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம்
பத்திரிகையைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன்.
நான்கை அடித்து ஏழு என்று எழுதினேன்.
எலி ஒருமுறை கடிக்கலாம்.
கடித்த பிறகும் படியில் நிற்கிறவன்
தன் காலால் நிற்கிறான்.
ஜெரால்டுக்கு இது போதவில்லை. எனக்கு அதிகம்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று.
இன்னொருவனிடம் மிச்சம் மூன்று.
செவுகன் உருட்டிய பகடை போர்டைத் தாண்டிப்
பேட்டரிப் பெட்டிகளுக்கு அடியில் ஓடிவிட்டது.
நான்கு பேரும் தரையில் கன்னம் வைத்து
செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறோம்.
"தொடாதே, தொடாதே" என்கிறான் செவுகன்.
விழுந்தபடியே பார்க்க வேண்டுமாம்.